பாட்டு கற்றுக்கொள்ளாதவர்கள் கர்நாடக சங்கீதம் கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள், கூட வேலை செய்பவர்கள், சொந்தக்காரப் பிள்ளைகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் பாட்டு வகுப்புக்குப் போனதில்லை, எனக்கு இருப்பது கேள்வி ஞானம் மட்டும்தான். அதனால் இது வித்வான்கள் சொல்லும் விளக்கம் இல்லை, ரசிகன் இன்னொரு ரசிகனுக்குச் சொல்வது.

சங்கீதம் தெரியாமல் சங்கீதத்தை ரசிக்க முடியுமா?

முடியும். பாடத் தெரிவது வேறு, கேட்கத் தெரிவது வேறு. நாகஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை கோயில் திருவிழாவில் தோடி ராகத்தை மணிக்கணக்காக வாசித்தபோது தெருவில் உட்கார்ந்து கேட்ட கூட்டத்தில் எத்தனை பேர் சரளி வரிசை என்ற முதல் பாடத்தையாவது படித்திருப்பார்கள்? பெரும்பாலானவர்கள் வயலில், கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். கேட்டுக் கேட்டே அவர்களுக்குக் காது பழகியிருந்தது. எது நல்ல வாசிப்பு, எது சுமார் என்று தயங்காமல் சொல்வார்கள்.

ஒன்று மட்டும் தேவை, கவனம். வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட்டுக் கேட்பதில் தப்பில்லை, ஆனால் அப்படி வருஷக்கணக்கில் கேட்டாலும் காது ஓர் அளவுக்கு மேல் வளராது. தினமும் பத்து நிமிஷம் போதும், அந்தப் பத்து நிமிஷம் வேறெதையும் செய்யாமல் கேட்க வேண்டும்.

சரி, எதில் ஆரம்பிப்பது?

ஒரே ஒரு பாட்டில். நிறையப் பேர் ‘நூறு சிறந்த கீர்த்தனைகள்’ மாதிரி ஒரு பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்கிறார்கள், கடைசியில் எல்லாம் ஒன்றாகக் கலந்து எதுவுமே மனசில் நிற்பதில்லை. ஒரு பாட்டை எடுத்து, அதைப் பல பேர் பாடிக் கேளுங்கள்.

நான் எல்லோருக்கும் சொல்வது ‘வாதாபி கணபதிம்’. முத்துசுவாமி தீட்சிதர் ஹம்ஸத்வனி ராகத்தில் செய்தது, ஆதி தாளம், பாடாத வித்வான் இல்லை என்றே சொல்லலாம். முதல் வரியை மட்டும் கவனியுங்கள். முதல் தடவை நேராக, எளிமையாக வரும். இரண்டாம் தடவை அதே சொற்கள்தான், வரியின் கடைசியில் மட்டும் ஒரு சின்ன மாற்றம் இருக்கும். அடுத்த தடவை நடுவில் ஒரு வளைவு, அதற்கடுத்த தடவை குரல் கொஞ்சம் மேலே போய்விட்டு வரும். இதற்குத்தான் சங்கதி என்று பெயர். ஒவ்வொரு தடவையும் எந்த எழுத்தில் மாற்றம் நடக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுகிற அளவுக்குக் கேட்டுவிட்டீர்கள் என்றால் நீங்கள் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள்.

அப்புறம் அதே பாட்டை எம்.டி.ராமநாதன் பாடிக் கேளுங்கள். மற்றவர்கள் கச்சேரி ஆரம்பத்தில் விறுவிறுப்பாகப் பாடுகிற பாட்டை அவர் தன் கனமான குரலில் அவ்வளவு நிதானமாகப் பாடுவார். ராகமும் சாகித்யமும் (பாட்டின் சொற்கள்) அதேதான், ஆனால் வேறு ஓர் ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். இந்த வித்தியாசத்தை நீங்களே கண்டுபிடிக்கும்போது வரும் சந்தோஷத்தை எந்தப் புத்தகமும் தராது.

ஸ்ருதி, ஸ்ருதி என்கிறார்களே, அதை எப்படிக் கேட்பது?

பாட்டு தொடங்குவதற்கு முன்னால் தம்பூரா ஒலிக்கும், இப்போது பெரும்பாலும் எலெக்ட்ரானிக் பெட்டி. தம்பூராவில் நான்கு தந்தி, வழக்கமாகப் பஞ்சமம் (ப) ஒன்று, ஸட்ஜம் (ஸ) மூன்று. பாட்டு முழுக்க அந்த ஒலி மாறாது, அந்த ஆதார ஒலிதான் ஸ்ருதி. அதன் உயரத்தைக் கட்டை என்ற அளவில் சொல்வார்கள். ஆண்கள் வழக்கமாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை ஸ்ருதியிலும், பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவார்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: தம்பூராவை மட்டும் இரண்டு நிமிஷம் கேளுங்கள். கூடவே ‘ஸா’ என்று மெதுவாக முனகிப் பாருங்கள். உங்கள் குரல் அதோடு சேர்ந்தால் தனியாகத் தெரியாமல் கரைந்து போகும், சேராவிட்டால் உரசும். பாடகர் ஒரு நீண்ட கார்வையில், அதாவது ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து, நிற்கும்போது அதே கரைதல் நடக்கிறதா என்று பாருங்கள். சபையே ஒரு கணம் அசையாமல் இருக்கிற இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

தாளம் போடத் தெரியாது. அது அவசியமா?

அவசியம் என்று நான் நினைக்கிறேன், ராகப் பெயரை விட இது முதலில் வேண்டும். தாளம் போட்டுக்கொண்டு கேட்கிறவரின் கவனம் எளிதில் சிதறாது. அதோடு, பாடகர் செய்கிற கணக்கு வேலை எல்லாம் தாளம் போடுகிறவருக்குத்தான் தெரியும்.

ஆதி தாளத்தில் ஆரம்பியுங்கள், மொத்தம் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. வலது உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும், இது நான்கு. அடுத்து ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு, மறுபடி ஒரு தட்டு, ஒரு வீச்சு, இது இன்னொரு நான்கு. அவ்வளவுதான். மெதுவான பாட்டுகளில் ஒவ்வொன்றையும் இரண்டு முறை போடுவார்கள், அதற்கு இரண்டு களை என்று பெயர். ஆரம்பத்தில் அதில் மாட்டிக்கொள்ளாமல் வேகமான பாட்டாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ரூபகம் நடைமுறையில் மூன்று: இரண்டு தட்டு, ஒரு வீச்சு. மிஸ்ர சாபு ஏழு, ‘தகிட தகதிமி’ என்று சொல்லிப் பார்த்தால் உடம்பு தானாகப் பிடித்துக்கொள்ளும். கண்ட சாபு ஐந்து, ‘தகதகிட’. இந்த நான்கு தெரிந்தால் கச்சேரியில் வருகிற பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும்.

ஒன்று கவனியுங்கள். பாட்டு எப்போதும் முதல் தட்டிலேயே ஆரம்பிக்காது. பல பாட்டுகள் தட்டு விழுந்து கொஞ்சம் தள்ளித்தான் எடுப்பார்கள். அந்த இடத்துக்கு எடுப்பு என்று பெயர். உங்கள் தாளம் தவறிவிட்டதாக நினைத்துப் பயப்பட வேண்டாம். கச்சேரியில் முன்வரிசையில் இருப்பவர்களின் கையையோ பாடகரின் கையையோ பார்த்துச் சேர்ந்துகொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

எல்லா ராகமும் ஒரே மாதிரி கேட்கிறது. எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான், இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில், கண்டுபிடிப்பதை லட்சியமாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆலாபனை (சொற்களும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) ஆரம்பித்த உடனே ‘இது என்ன ராகம், இது என்ன ராகம்’ என்று மனசு அலைந்தால், பெயர் கிடைக்கும் வரை பாட்டே காதில் விழாது, பெயர் கிடைத்ததும் ‘அப்பாடா’ என்று கவனம் விட்டுப் போகும். இரண்டுமே நஷ்டம். பெயர் தெரியாத ராகத்தையும் முகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துப் பழகுங்கள், பெயர் பிறகு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, ராகங்களை ஜோடியாகக் கேளுங்கள். மோகனத்தையும் ஹம்ஸத்வனியையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஐந்தே ஸ்வரம். ஸ, ரி, க, ப என்று நான்கு இரண்டுக்கும் பொது. ஐந்தாவதாக மோகனத்தில் தைவதம் (த) வரும், ஹம்ஸத்வனியில் நிஷாதம் (நி) வரும். பஞ்சமத்துக்கு மேலே ஏறும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மேல் ஸட்ஜத்துக்கு வெகு பக்கத்தில் வந்து உரசிக்கொண்டு, கூர்மையாக மேலே தள்ளினால் அது நிஷாதம், ஹம்ஸத்வனி. கொஞ்சம் தள்ளி நின்று மிருதுவாக ஏறினால் தைவதம், மோகனம். ஒரு வாரம் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் பிறகு குழப்பமே வராது.

அடுத்த ஜோடி சங்கராபரணமும் கல்யாணியும். மேளகர்த்தா என்ற 72 தாய் ராகங்களின் வரிசையில் சங்கராபரணம் 29, கல்யாணி 65. இரண்டுக்கும் நடுவே ஸ்வர வித்தியாசம் மத்யமம் (ம) ஒன்றுதான். ஆனால் பெரிய வித்வான்கள் பாடும்போது அந்த மத்யமம் வரும் முன்பே ராகம் தெரிந்துவிடும். ஏனென்றால் ராகம் என்பது ஸ்வரப் பட்டியல் மட்டும் இல்லை. எந்த ஸ்வரத்தில் நிற்பது, எதை அசைப்பது, எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்குவது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் ராகம். தோடியின் காந்தாரத்தை (க) கேளுங்கள், அது ஓர் இடத்தில் நிற்கவே நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த அசைவுதான் கமகம். ஹார்மோனியத்தில் தோடியின் ஸ்வரங்களை எல்லாம் சரியாக அழுத்தினாலும் தோடி வராமல் போவது இதனால்தான்.

ஒரு மாசத்துக்கு ஒரு ராகம் என்று வைத்துக்கொண்டால் போதும். மோகனம், கல்யாணி, சங்கராபரணம், ஹிந்தோளம், காம்போதி, தோடி. வரிசை உங்கள் இஷ்டம், தோடியை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமாப் பாட்டு வழியாக ராகம் கற்றுக்கொள்வது தப்பா?

தப்பே இல்லை. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு மேல் அந்த வழியாகத்தான் ராகம் காதில் ஏறியிருக்கிறது. ‘திருவிளையாடல்’ படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘ஒரு நாள் போதுமா’ பாட்டில் தோடி, தர்பார், மோகனம், கானடா என்று பெயர் வருகிற இடத்தில் பாட்டு அந்தந்த ராகத்துக்கே மாறும். இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம். ‘மன்னவன் வந்தானடி’யும் ‘ஜனனி ஜனனி’யும் கல்யாணிதான். ஒன்றில் ராஜசபையின் மிடுக்கு, இன்னொன்றில் கோயில் பிராகாரத்து அமைதி. ஒரு ராகத்துக்கு ஒரு உணர்ச்சிதான் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். சினிமாவில் அழகுக்காக அந்நிய ஸ்வரம் சேர்ப்பார்கள், இடையிசையில் ராகத்தை விட்டு வெளியே போய்விட்டு வருவார்கள். அது அவர்கள் உரிமை. ஒரு சினிமாப் பாட்டு, அதே ராகத்தில் ஒரு கீர்த்தனை, அதற்கப்புறம் ஓர் ஆலாபனை என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால் வழி சரியாக இருக்கும். ‘அக்னி நட்சத்திரம்’ படத்து ‘நின்னுக்கோரி வர்ணம்’ பிடிக்கும் என்றால், பூச்சி ஸ்ரீனிவாச அய்யங்கார் செய்த அசல் மோகன வர்ணத்தை அடுத்து போட்டுக் கேளுங்கள்.

ஆலாபனை நீளமாகப் போகிறது. அதில் என்ன கேட்பது?

ஆலாபனையில் சாகித்யம் இல்லை, தாளம் இல்லை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத மாதிரிதான் முதலில் இருக்கும். ஆனால் அதற்கும் ஒரு பாதை உண்டு. பாடகர் பெரும்பாலும் கீழே அல்லது நடு ஸ்தாயியில் ஆரம்பிப்பார், ராகம் எது என்று முதல் இரண்டு மூன்று பிடிகளில் காட்டிவிடுவார். பிறகு ஒரு ஸ்வரத்தைப் பிடித்து அதைச் சுற்றிச் சுற்றிப் பாடுவார், அங்கிருந்து அடுத்த படி. குரல் எந்த ஸ்வரத்தில் வந்து வந்து நிற்கிறது என்று மட்டும் பின்தொடருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக மேல் ஸட்ஜத்தை நோக்கிப் போவது தெரியும். உடனே அங்கே போய்விட மாட்டார், நிஷாதம் வரை போய்த் திரும்புவார், தொட்டும் தொடாமலும் விளையாடுவார், கடைசியில் ஸட்ஜத்தில் ஏறி நீண்ட கார்வை கொடுக்கும்போது சபை கைதட்டும். அங்கிருந்து மேலே சஞ்சாரம் (ராகத்தில் உலாவுவது), பிறகு பிர்க்கா என்ற வேகமான ஸ்வர உருட்டல், பிறகு இறங்கி வந்து முடிவு.

இதற்கு நடுவே வயலினைக் கவனிக்கத் தவறாதீர்கள். பாடகர் ஒரு சொற்றொடரை முடித்ததும் வயலின் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும், பிறகு தன் முறை வரும்போது அதே ராகத்தைத் தன் போக்கில் சொல்லும். பாடகர் போகாத ஒரு சந்துக்குள் வயலின்காரர் போய்விட்டு வந்தால், பாடகர் ‘சபாஷ்’ சொல்வதை மைக் வழியாகவே கேட்கலாம்.

தெலுங்கும் சமஸ்கிருதமும் புரியவில்லை. புரியாமல் எப்படி ரசிப்பது?

தியாகராஜர் பெரும்பாலும் தெலுங்கில் பாடினார், தீட்சிதர் பெரும்பாலும் சமஸ்கிருதத்தில். அந்தப் பாட்டுகளுக்கு அர்த்தம் படித்துவிட்டுக் கேட்டால் ஒரு கதவு கூடுதலாகத் திறக்கும், அவ்வளவு சிரமமும் இல்லை. ஆனால் புரிகிற மொழியில் ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றினால் அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகளுக்கு முன்பே சீர்காழியில் முத்துத் தாண்டவர் தமிழில் கீர்த்தனை செய்திருக்கிறார். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகள் இருக்கின்றன. கோபாலகிருஷ்ண பாரதியின் ‘எப்போ வருவாரோ’வை ஜோன்புரியிலும், ‘சபாபதிக்கு’ பாட்டை ஆபோகியிலும் கேளுங்கள். பாபநாசம் சிவனின் ‘என்ன தவம் செய்தனை’ காபியில் இருக்கிறது. கோயிலில் ஓதுவார் பாடும் தேவாரத்தையும் விடாதீர்கள், பண் (தேவாரத்தின் பழைய ராகம்) என்ற சொல்லின் பின்னே எத்தனை நூற்றாண்டு இருக்கிறது என்பது அங்கே தெரியும். தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரியில் உரிய இடம் கிடைக்க ஓர் இயக்கமே நடந்தது, 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் வந்ததும் அதனால்தான்.

தனி ஆவர்த்தனம் வந்ததும் நிறையப் பேர் எழுந்து போகிறார்களே?

தனி ஆவர்த்தனம் என்பது பாட்டை நிறுத்தி, மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற நேரம். அப்போது போகிறார்கள்தான், எனக்கு அதில் ரொம்ப வருத்தம். அவ்வளவு நேரம் பாட்டைத் தாங்கிப் பிடித்த மிருதங்கக்காரருக்குக் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் எதிரிலேயே எழுந்து காண்டீனுக்குப் போவது மரியாதை இல்லை. மரியாதையை விடுங்கள், போகிறவர்களுக்குத்தான் பெரிய இழப்பு.

தாளத்தைப் போட்டுக்கொண்டே உட்காருங்கள், விடவே விடாதீர்கள். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் வரும் கணீர் சத்தத்தையும் இடது பக்கமான தொப்பியில் வரும் கும்கி என்ற ஆழமான ஒலியையும் தனித்தனியாகக் கேட்கப் பாருங்கள். தொப்பியில் ரவையைக் குழைத்து ஒட்டுவார்களே, அந்த ஆழமான ஒலி அதனால் வருவது. மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ மாறி மாறி வாசிக்கும். முதலில் நீளமாக, பிறகு பாதியாக, பிறகு அதிலும் பாதியாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள், அதுதான் குறைப்பு. பிறகு இருவரும் சேர்ந்து மோரா என்ற முடிவுச் சொற்கட்டு, அதையடுத்து கோர்வை என்ற பெரிய முடிப்பு. கோர்வை வழக்கமாக மூன்று தடவை வரும். மூன்றாவது முடிகிற இடமும் பாட்டின் எடுப்பும் ஒரே புள்ளியில் வந்து விழும்போது பாடகர் அந்த வரியை எடுப்பார். கையில் தாளம் வைத்திருக்கிறவருக்கு அந்த நொடியில் உடம்பு சிலிர்க்கும்.

கச்சேரியின் வரிசை என்ன?

இன்றைக்கு நாம் பார்க்கிற வரிசையை அமைத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ அய்யங்காரைச் சொல்வார்கள். முதலில் வர்ணம், பிறகு சில சின்னக் கீர்த்தனைகள், ஒன்றிரண்டு ராகங்களில் கொஞ்சம் விஸ்தாரம், நடுவில் மெயின் உருப்படி. அதில்தான் பெரிய ஆலாபனை, ஒரே வரியை வெவ்வேறு விதமாகப் பாடும் நிரவல், கற்பனை ஸ்வரம், தனி எல்லாம் வரும். சில நாள் ஒரு ராகத்தையும் ஒரே வரியையும் நீளமாக விரித்துப் பாடும் ராகம் தானம் பல்லவி இருக்கும். கடைசியில் துக்கடா என்ற சின்ன, லேசான பாட்டுகள், தில்லானா, முடிவுப் பாட்டான மங்களம். முழுக் கச்சேரி இரண்டரை மணி நேரம் போல. முழுசும் உட்கார முடியாவிட்டால் மெயினுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

சபாவுக்குள் போனால் அந்நியமாக இருக்கிறது. அது எனக்கான இடமா?

இந்தத் தயக்கம் நியாயமானது, அது உங்கள் கற்பனை இல்லை. கச்சேரி நடத்தும் சபாக்களுக்கு வரும் கூட்டம் பெரும்பாலும் ஒரே சமூகத்தவர் என்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். ஆனால் இந்த இசை எந்தச் சாதியின் வீட்டுச் சொத்தும் இல்லை. நாகஸ்வரத்தையும் தவிலையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் இசை வேளாளர்கள். வீணை தனம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமைக் கச்சேரியைக் கேட்கப் பெரிய வித்வான்கள் காத்துக்கிடந்தார்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைச் செலவழித்துக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், அங்கே பெண்களும் பாட வேண்டும் என்று போராடியவரும் அவர்தான். எம்.எஸ்.சுப்புலட்சுமியும் தேவதாசி மரபில் பிறந்தவர்தான். யாழ்ப்பாணத்துக்கு அளவெட்டி தட்சிணாமூர்த்தியின் தவில் இன்றும் பெருமை. ஆகவே தயங்காமல் போங்கள், நடுவில் உட்காருங்கள். பாட்டு பிடித்தால் கைதட்டுங்கள்.

மார்கழி சீசனில் எங்கே போவது? நிறையச் செலவாகுமா?

காசே இல்லாமலும் கேட்கலாம். சென்னையில் பல சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது, மாலையில்தான் டிக்கெட். மதியம் பாடுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், நன்றாக உழைத்துவிட்டு வருவார்கள். கூட்டம் குறைவு, முன்வரிசை கிடைக்கும், மிருதங்கக்காரரின் விரல் வரை தெரியும். புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு இதுதான் நல்ல இடம். ஜனவரியில் தியாகராஜர் நினைவாக நடக்கும் திருவையாறு ஆராதனைக்கு ஒரு தடவையாவது போய் வாருங்கள். காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில் அவர் செய்த ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளையும் பாடுவார்கள். ஐந்தும் ஆதி தாளம், நீங்களும் தாளம் போடலாம்.

பழைய ஒலிப்பதிவுகளில் இரைச்சல் அதிகம். அவற்றைக் கேட்டே ஆக வேண்டுமா?

ஆரம்பத்தில் வேண்டாம். தெளிவான பதிவில் காது பழகட்டும். பிறகு மதுரை மணி அய்யரின் ஸ்வரத்தை ஒரு நாள் கேளுங்கள், இரைச்சலைத் தாண்டி அந்தச் சிரித்த முகமே தெரியும்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. காலைக் கச்சேரிக்குக் கூட்டிப் போங்கள், ஓரத்து நாற்காலியில் உட்காருங்கள். பிள்ளை நெளிய ஆரம்பித்தால் பாட்டு முடிகிற வரை பொறுத்து, கைதட்டும்போது வெளியே வந்துவிடலாம். தாளம் போடச் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.